இன்று நெடுமரத்துப்பட்டி

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, மதுரை 'நைனா இன்னிசை'க் குழுவின் வலைப்பூவில் ஒரு பதிவு வெளியானது. தலைப்பு, 'இன்று நெடுமரத்துப்பட்டி'. எழுதியவர் நைனா முகமது என்று அடியில் இருந்தது. அந்த நேரத்தில் அவர் இறந்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று பிறகு வந்து பார்த்த டாக்டர் சொன்னார்.

பதிவைத் தட்டிப் போட்டவள் அவருடைய மனைவி ஜெயினம்பு. சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் அவர்கள் வீடு. அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அவர் குரலைக் கேட்டுக் கேட்டுப் போனில் தட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். குறட்டைச் சத்தம் இல்லாததை அவள் கவனிக்கவில்லை. காதுக்குள்தான் அவர் பேசிக்கொண்டிருந்தாரே.

பதினான்கு வருடமாக இதுதான் அவர்கள் வேலை செய்கிற முறை. கோயில் திருவிழா, தர்கா உரூஸ், கல்யாணம் என்று எந்த ஊரில் பாடினாலும், முடிந்து வேனில் திரும்பும்போது நைனா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "எழுதிக்க ஜெயினு" என்று ஆரம்பிப்பார். எந்த ஊர், என்ன கூட்டம், சாப்பாட்டுக்கு என்ன போட்டார்கள், எந்தப் பாட்டுக்கு எந்தக் கிழவர் துண்டைச் சுழற்றினார் எல்லாம் அதில் இருக்கும். அவருக்குத் தட்டத் தெரியாது. அவள் காலையில் உட்கார்ந்து எழுத்தாக்குவாள். இருமலை விட்டுவிடுவாள். டிரைவரைத் திட்டுவதை விட்டுவிடுவாள். மற்றபடி அவர் பேசியது பேசியபடி.

வலைப்பூவை ஆரம்பித்துக் கொடுத்தது மகள் முபீனா, கல்லூரியில் படித்த காலத்தில். முதலில் தேதியும் ஊரும் மட்டும்தான் அதில் வரும். ஒருநாள் சிங்கப்பூரில் கொத்தனார் வேலை பார்க்கும் மலைச்சாமி என்பவர் கீழே எழுதினார். 'அண்ணே, எங்க ஊரு நெடுமரத்துப்பட்டிக்கு வாரீங்களாம். எங்கம்மா அன்னக்கொடி முன்னாடிதான் உக்காந்திருக்கும். அதுக்கு ஒரு பாட்டுப் பாடுங்க.' நைனா மைக்கில் பெயர் சொல்லிப் பாடினார். மறுநாள் பதிவில், அம்மா நீலச் சேலை கட்டியிருந்தார், பெயரைச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவர் முதுகில் ஒரு அடி வைத்தார், பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு குவைத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். எந்தக் கேள்வியையும் பதில் இல்லாமல் விடக்கூடாது என்பது நைனா வைத்த சட்டம். சாயந்திரம் வேன் கிளம்புவதற்குள் எல்லாவற்றுக்கும் பதில் போயிருக்க வேண்டும்.

மற்ற குழுக்கள் எல்லாம் வீடியோவுக்குப் போய்விட்டன. நைனா போகவில்லை. "வீடியோல நம்மளத்தான் எல்லாரும் பாக்குறாய்ங்க. இதுலதான் நம்ம அவுகளப் பாத்தத சொல்ல முடியும்" என்பார்.

அன்று அவர் திரும்பும்போது விடிந்திருந்தது. நெஞ்சு கரிக்கிறது என்றார். ஒரு சோடா குடித்தார். படுத்தார். பதிவின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: 'நெஞ்சு கரிக்குது, அந்த ஊர் மட்டன் குழம்பு அப்படி. வேனை நிறுத்தி ஒரு சோடா, வீட்டுக்குப் போய் இன்னொரு சோடா. இன்னைக்கு நெடுமரத்துப்பட்டி. ஒன்பது மணிக்கு மேடை. பாட்டு வேணும்ங்கிறவங்க நாலு மணிக்குள்ள கீழ எழுதிருங்க. வாரேன்.'

எல்லாப் பதிவும் 'வாரேன்' என்றுதான் முடியும்.

பதிவைப் போட்டுவிட்டு டீயை ஆற்றி எடுத்துக்கொண்டு ஜெயினம்பு உள்ளே போனாள். காலைத் தொட்டாள். பிறகு டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்து, ஈ விழாமல் ஒரு தட்டால் மூடினாள். அதற்கப்புறம்தான் கொழுந்தன் பரீதுக்குப் போன் செய்தாள்.

பரீத் நைனாவுக்கு ஆறு வயது இளையவன். சிம்மக்கல்லிலேயே வெங்காய மண்டி வைத்திருந்தான். பத்து நிமிடத்தில் வந்தான். வந்ததிலிருந்து வேலைகள் அவன் கைக்குப் போயின. டாக்டர், பள்ளிவாசலில் அறிவிப்பு, குழி வெட்டுகிறவர், கபன் துணி. கட்டிலை முன்னறைக்குத் தூக்கிப் போட்டார்கள். அவன் மனைவி சபுரா முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். ஜெயினம்புவின் கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டாள். இனி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா. வெளி ஆண்கள் பார்வையில் படாமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

போர்வை தரை வரைக்கும் எட்டவில்லை. கீழே அரை முழம் இடைவெளி. ஜெயினம்பு உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டில் கால்களும், வந்து நிற்கிறவர்களின் பாதங்களும் தெரிந்தன. சாக்ஸ் போட்ட பாதங்கள், செருப்பு வார் வெளுத்துக் கோடு போட்ட பாதங்கள். எல்லாம் டவுன் கால்கள்.

"மதினி." பரீத் போர்வைக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டான்.

"சொல்லுங்க தம்பி."

"வெயிலு காலம். மதியம் லுஹருக்கே எடுத்துரலாம்ங்குறாரு பள்ளிவாசல் அஸரத்து. ஒன்றரைக்கெல்லாம் முடிஞ்சுரும்."

"முபீனா இன்னும் பல்லடமே தாண்டலங்கிறா."

"அதான். அவ வரணும்னு அஸருக்கு வச்சிருக்கேன். அஞ்சு மணிக்குப் பள்ளியில இருக்கணும். நாலரைக்கு எடுத்துருவோம்."

"பொழுதடைய மகரிபுக்கு வைக்க முடியாதா?"

"எதுக்கு?"

"ஊர்க்காரங்க வருவாங்க."

"எந்த ஊர்க்காரங்க?"

"அவரு பாடுன ஊர்க்காரங்க."

பரீதின் பாதங்கள் இடம் மாறின. "அண்ணன் பாடுனத நான் ஒன்னும் சொன்னதில்ல மதினி. இருவது வருசமா மண்டியில ஒவ்வொருத்தனும் 'ஒங்கண்ணன் எங்கூரு முத்தாலம்மனுக்கு என்னமா பாடுனாரு'ம்பான். தராசப் பாத்துக்கிட்டே நிப்பேன். ஆனா மையத்த வச்சுக்கிட்டுக் கூட்டம் சேக்க முடியாது. நாளைக்கு ஜமாத்துல என்னயத்தான் கேப்பாங்க. அதோட அவய்ங்க பாசத்துல மைக் செட்டு கொண்டாந்து சந்துல வச்சுருவாய்ங்க. அப்பறம் நம்ம தெருவுல தலகாட்ட முடியுமா?"

அவன் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. நைனா மேடையில் இதற்கு நேர் எதிர். பொம்பளையாட்கள் வேலை முடித்து வந்து உட்கார்கிற வரைக்கும் முதல் பாட்டை ஆரம்பிக்க மாட்டார். கமிட்டிக்காரர்கள் மேடையோரம் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டுவார்கள். "இன்னும் மூணாவது வரிசை நெறயலண்ணே" என்று மைக்கிலேயே சொல்வார்.

"சரி தம்பி. அஸருக்கே எடுங்க" என்றாள்.

பரீத் போன பிறகு வேறு இரண்டு பாதங்கள் வந்தன. இடது சுண்டுவிரலில் நகம் இல்லை. குழுவில் ரிதம் பேடு வாசிக்கிற சிவக்குமார். கச்சேரி பேசி முடிப்பதும் அவர்தான்.

"மதினி…" என்றவர் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி ஆரம்பித்தார். "மதினி, நெடுமரத்துப்பட்டி கமிட்டி காளையண்ணன் நம்பவே மாட்டேங்கிறாரு. நான் சொல்லச் சொல்ல, 'வெளையாடாத மாப்ள, இப்பத்தான் பதிவு வந்திருக்கு, சோடா குடிச்சேன்னு எழுதியிருக்காரு, செத்தவரு எப்படிய்யா சோடா குடிப்பாரு'ங்கிறாரு. பெரிய ஊரு எதுலயும் கூப்புட்டாகளா, அங்க போறதுக்குக் கதை கட்டுறியான்னு கேக்குறாரு."

ஜெயினம்பு போனை எடுத்துப் பார்த்தாள். காலைப் பதிவுக்குக் கீழே முப்பத்துச் சொச்சம் பேர் எழுதியிருந்தார்கள். வாங்கண்ணே. சீரகத் தண்ணி குடிங்கண்ணே. மேடைக்கு முன்னால் தார்ப்பாய் போட்டாச்சு. யாரோ ஒருவர், 'நைனா அண்ணன் இறந்துட்டதா வாட்ஸப்ல வருது, உண்மையா?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே இன்னொருவர் பதில் போட்டிருந்தார்: 'டேய் லூசு, எட்டு நாப்பதுக்குப் பதிவு போட்டிருக்காரு பாரு.'

"எத்தனை ஊருக்குன்னு போன் போட்டுச் சொல்றது மதினி? என் போனும் சார்ஜ் எறங்கிருச்சு. நீங்க எழுதுனாத்தான் நம்புவாங்க" என்றார் சிவக்குமார். "முகம் பாக்கணும்னு நெனைக்கிறவங்க எம்புட்டுப் பேரு இருப்பாங்க."

அது அவளுக்கும் தெரியும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று அத்தனை ஊருக்கும் சொல்லி வைத்திருப்பது அவள்தான். கபன் துணியில் முகத்தை மூடி முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு யாருக்கும் காட்ட முடியாது. நாலரைக்குள் வந்து சேர வேண்டுமானால் இப்போதே தெரிய வேண்டும்.

புதிய பதிவு என்பதை அழுத்தினாள். விரல் பழக்கத்தில் 'நான்' என்று தட்டிவிட்டது. அழித்தாள். பதினான்கு வருடமாக அந்தப் பக்கத்தில் வந்த 'நான்' எல்லாம் அவர். அவரை வெளியிலிருந்து எப்படிச் சொல்வதென்று அவள் யோசித்ததில்லை. 'நைனா முகமது இன்று காலை மௌத்தாகிவிட்டார்' என்று எழுதினாள். நெடுமரத்துப்பட்டியில் மௌத்து என்றால் யாருக்குத் தெரியும்? அழித்துவிட்டு 'இறந்துவிட்டார்' என்று போட்டாள். 'வபாத்' வேண்டாம், 'ஜனாஸா' வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அரிசியிலிருந்து கல்லைப் பொறுக்குகிற மாதிரி நிதானமாகப் பார்த்து எழுதினாள். முடிந்தபோது இப்படி இருந்தது:

'நைனா முகமது இன்று காலை வீட்டில் இறந்துவிட்டார். காலையில் வந்த பதிவு அவர் ராத்திரி வேனில் பேசியது. நான்தான் தட்டிப் போட்டேன். அப்போது எனக்குத் தெரியாது. இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். முகம் பார்க்க வருகிறவர்கள் அதற்கு முன்னால் வந்துவிடவும். மாலை வேண்டாம். செட்டு, கொட்டு, வெடி எதுவும் வேண்டாம். – ஜெயினம்பு.'

சிவக்குமாருக்குப் படித்துக் காட்டினாள். முப்பது வருடம் நைனாவோடு வேனில் போய்வந்தவர். ஐந்து வேளை பாங்கும் அவருக்குத் தெரியும். "சரியா இருக்கு மதினி" என்றார்.

பதிவு போனது. பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலும் எழுத்து இல்லை, கைகூப்பிய படம் மட்டும். மலைச்சாமி எழுதியிருந்தார்: 'மதினி, ஊர்ல கொட்ட நிப்பாட்டச் சொல்லிட்டேன். அம்மாவும் ஊர்க்காரங்களும் வேன் புடிச்சு வாராங்க. முகத்தப் பாக்காம இருக்க மாட்டேன்னு அம்மா அழுகுது.'

'வரச் சொல்லுங்க' என்று பதில் போட்டாள்.

அடுத்ததைப் படிப்பதற்குள் சபுரா போனைக் கையிலிருந்து வாங்கினாள். "போதும்க்கா. யாசீன் ஓதிக்கிட்டிருக்காக, நீ போன நோண்டிக்கிட்டு இருக்க. வந்தவுக என்ன நெனைப்பாக?" பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு மேல் போனை வைத்துச் சாவியைத் திருப்பினாள். கோபமாகச் செய்யவில்லை. குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிறவள் மாதிரி செய்தாள். ஜெயினம்பு ஓதுகிறவர்களோடு உட்கார்ந்தாள்.

மதியத்துக்கு மேல் முபீனா கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அழுதாள். முகம் கழுவினாள். அம்மாவின் மடியில் கொஞ்ச நேரம் தலையை வைத்திருந்துவிட்டு, "அத்தா காலைப் பதிவு அப்படியே கெடக்கும்மா. அழிச்சிரவா?" என்று கேட்டாள்.

"கெடக்கட்டும்."

"படிக்கிறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா."

"அவர் பேசுனதுதான. கெடக்கட்டும்" என்றாள் ஜெயினம்பு. பிறகு, "சந்து முனையில வேன் ஏதாவது வந்து நிக்குதான்னு பாரு" என்றாள்.

வேன் இல்லை. குழுவில் உள்ள எட்டுப் பேரும் எதிர்வீட்டு நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். கீபோர்டு வாசிக்கிற பீமாராவ் மட்டும் உட்கார்ந்திருந்தார். பாடுகிற பெண் தமிழ்வாணி உள்ளே வந்து பெண்களோடு உட்கார்ந்தாள். ராத்திரி வேனில் அண்ணன் கடைசி சீட்டில் படுத்துக்கொண்டே பேசினார் என்றும், எப்போதும் முன் சீட்டில் உட்கார்ந்துதான் பேசுவார் என்றும் சொன்னாள்.

குளிப்பாட்டி முடித்தார்கள். கற்பூரமும் அத்தரும் மணத்தன. குடும்பத்துப் பெண்கள் மட்டும் வந்து பார்க்கும்படி பரீத் ஆண்களை வெளியே அனுப்பினான். ஜெயினம்பு போய்ப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்கு நடுவில் முகம் மட்டும் தெரிந்தது. கன்னத்தில் ஒரு நாள் தாடி. மேடைக்குப் போவதற்கு முன்னால் அன்று சாயந்திரம் மழித்திருப்பார்.

நாலேகாலுக்குப் பள்ளியிலிருந்து தூக்கிப் போகிற சந்தூக் பெட்டி வந்தது. பச்சைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு பேர் வாசலில் நின்றார்கள்.

"தம்பி" என்றாள் ஜெயினம்பு போர்வைக்குப் பின்னாலிருந்து. "செத்த நேரம்."

"எம்புட்டு நேரம் மதினி?"

"வேன்ல வந்துக்கிட்டு இருக்காங்க. சமயநல்லூருக்கு அங்கிட்டுத்தான் ஊரு. ஒரு மணி நேரம்கூட ஆகாது. மதியமே கெளம்பியிருப்பாங்க."

பரீத் வாசலுக்குப் போனான். சந்து முனை வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்தான் என்று முபீனா பிறகு சொன்னாள். திரும்பி வந்து நின்றான். பத்து நிமிடம் போல எல்லோரும் காத்து நின்றார்கள். நாலு பேரில் ஒருவர் தொண்டையைச் செருமினார். பள்ளிவாசலில் மைக்கைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"பாங்கு சொல்லிருவாங்க மதினி" என்றான் பரீத்.

முகத்தின் மேல் துணியை இழுத்து முடிச்சுப் போட்டார்கள். போர்வைக்கு அடியில் கட்டில் கால்களைச் சுற்றி நிறையப் பாதங்கள் நெருங்கி, ஒன்றோடொன்று இடித்து, வாசலைத் தாண்டின. பிறகு கட்டில் கால்கள் மட்டும் இருந்தன.

ஆறு மணி தாண்டியதும் சந்து முனையில் வேன் வந்து நின்றது. மஞ்சள் பலகை வைத்த இரண்டு வேன்கள். சந்துக்குள் நுழையாது. முப்பது பேர் இறங்கி வரிசையாக நடந்து வந்தார்கள். ஆண்கள் திருவிழாவுக்குக் கட்டியிருந்த புது வேட்டியில் இருந்தார்கள். பெண்கள் முகத்தில் மஞ்சள் காயவில்லை. சந்து முனையிலேயே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். மாலை வேண்டாம் என்று எழுதியிருந்ததால், மேடைக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையை ஒருவர் கொண்டுவந்து, பிறகு யோசித்து வேனிலேயே தொங்கவிட்டுவிட்டு வந்தார். யாரும் சத்தம் போடவில்லை.

போர்வைக்குக் கீழே பாளம் பாளமாக வெடித்த இரண்டு குதிகால்கள் வந்து நின்றன.

"மதினி, நாந்தேன் காளை. விழாக் கமிட்டி. காலையில சிவக்குமார ஏசிப்புட்டேன். மன்னிச்சுக்கிருங்க." அவர் குரல் தணிந்தே இருந்தது. "அண்ணன எங்கிட்டு வச்சிருக்கு? இன்னும் கால் மணி நேரம் கெடக்குல்ல?"

முபீனாதான் சொன்னாள். "எடுத்துட்டாங்கண்ணே."

"எடுத்துட்டாகளா?" வெடித்த கால்கள் கட்டில் பக்கம் திரும்பின. "அப்பறம்… ஆறரைக்குன்னுதான…"

வாசலில் பரீத் வந்து நின்றான். அடக்கம் முடித்து வந்தவன். வெள்ளைச் சட்டையின் முழங்கை வரைக்கும் செம்மண். சந்தில் நிற்கிற கூட்டத்தையும் கழற்றிப் போட்ட செருப்புகளையும் பார்த்துக்கொண்டே வந்திருந்தான்.

"அஸருக்குன்னுதானே போட்டீங்க மதினி?" என்றான் போர்வையைப் பார்த்து.

"அஸருக்குன்னுதான் போட்டேன்."

"அப்ப சரிதானே."

"அதுதாங்க எங்களுக்கு வெளங்கல" என்றார் காளை. "சமயநல்லூர்ப் பள்ளிவாசல்ல பொழுது அடையிற நேரத்துல ஓதுவாக. எங்கூரு வரைக்கும் கேக்கும். அதுதேன் அஸருன்னு வேன்காரன் சத்தியமே பண்ணிட்டான். சிவக்குமாருக்குப் போட்டா போனு போகல. சரி, ஆறரைக்குத்தானேன்னு, பொம்பளையாளுக வச்ச பொங்கல எறக்கிட்டு வரட்டும்னு நின்டோம்."

"அது மகரிபு" என்றான் பரீத்.

"அப்படிங்களா" என்றார் காளை.

பரீத் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான். அப்போது பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. காளை அண்ணாந்து கேட்டார்.

"இதுதானுங்களா?"

"இதுதான்" என்றான் பரீத். "அஞ்சு நிமிசம் நில்லுங்கண்ணே. தொழுதுட்டு வந்துர்றேன். அண்ணன அடக்குன மையவாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆம்பளையாளுக உள்ள வரலாம். தொப்பி இல்லாட்டி பரவாயில்ல, துண்டத் தலையில போட்டுக்கங்க."

பெண்கள் வாசற்படியில் நின்றார்கள். அவர்களில் ஒரு அம்மாள் மட்டும் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் போன் வெளிச்சமாக இருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் சரிகை வைத்த சேலை. முன்பின் பார்த்ததில்லை என்றாலும் யாரென்று ஜெயினம்புவுக்குத் தெரிந்தது. வருடத்துக்கு ஒன்றாக இந்த அம்மாளுக்குப் பதினான்கு சேலைகளை அவள் தட்டியிருக்கிறாள். கத்தரிப்பூ நிறம் அதில் இல்லை.

"நீதானா தாயி எங்களப் பத்தி எழுதுறது?" என்றார் அன்னக்கொடி. பக்கத்தில் உட்கார்ந்து, ஜெயினம்புவின் தோளைச் சேர்த்துப் பிடித்து, வாய்விட்டு ராகம் எடுத்தார். சபுரா ஓடி வந்தாள். "சத்தம் போட்டு அழக்கூடாதும்மா. எங்கள்ல அப்படிக் கூடாது." அன்னக்கொடி உடனே நிறுத்தி, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது.

போனில் மகன் மலைச்சாமி வீடியோவில் இருந்தான். பெண்கள் இருக்கிற அறை என்பது அன்னக்கொடிக்குப் பிறகுதான் தோன்றியிருக்க வேண்டும். போனைப் பாயின் மேல் குப்புற வைத்தார்.

"அம்மா" என்றது பாயிலிருந்து ஒரு குரல். "ஒன்னும் தெரியலம்மா. இருட்டா இருக்கு. நல்லாக் காட்டு."

அன்னக்கொடி முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "எடுத்துட்டாகடா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அன்னக்கொடி போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். சொல்லிக்கொள்ளாமல் போனார். துக்க வீட்டிலிருந்து அப்படித்தான் போவார்கள்.

ஆண்கள் மையவாடிக்குப் போய்விட்டு வந்தார்கள். வேன்கள் கிளம்பின. அன்று நெடுமரத்துப்பட்டியில் கச்சேரி நடக்கவில்லை. மேடையை மறுநாள் பிரித்தார்கள்.

கூட்டம் குறைந்ததும் ஜெயினம்பு பீரோச் சாவியைக் கேட்டாள். சபுரா தானே திறந்து போனை எடுத்துக் கொடுத்தாள். பதிவுக்குக் கீழே இருநூறு பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். அவள் மேலே தள்ளிக்கொண்டே போனாள். அவள் போட்ட 'வரச் சொல்லுங்க' என்பதற்கு நேர் கீழே, அடுத்த நிமிடமே, மலைச்சாமி கேட்டிருந்தார்.

'அஸர்னா எத்தனை மணி மதினி?'

அதற்குக் கீழே யாரும் பதில் போடவில்லை. இரண்டு கைகூப்பிய படங்கள் இருந்தன.

ஜெயினம்பு பதில் என்பதை அழுத்தி, 'மாலை ஐந்து மணி' என்று தட்டினாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள். கேள்விக்குக் கீழே அது வெளியானது.